நாலாவது மாடி முன்பக்க அறை

ஜனவரி 12

டவுன் ஹால் ரோடு பூரணம் லாட்ஜில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு வரும்போது நான் எடுத்துவந்தது ஒரு பழைய வருகைப் பதிவேடு மட்டும்தான். ஒரு பக்கம்கூட எழுதாதது. பெயர், ஊர், வந்த நேரம், வருகையின் நோக்கம் என்று பக்கத்துக்குப் பக்கம் கட்டம் அடித்திருக்கிறது. கரையான் தின்பதற்குப் பதில் நான் எழுதலாம்.

பெயர்: மொக்கைச்சாமி. வயது 69. ஊர்: மதுரை. வருகையின் நோக்கம்: வம்பு.

வம்பு இதுதான். போன ஆவணியில் பேத்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். என் மகன் கார்மேகம் பேங்க் ஆபீசர். மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொல்கிறான், "அப்பா பெரிய ஓட்டல்ல மேனேஜரா இருந்தவங்க. அந்தக் காலத்து பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி."

எனக்கு வாய் நிறையக் கேசரி. ஒன்பதாவதில் நின்றவன் நான். லாட்ஜில் பக்கெட் தூக்கி, பிறகு மேசையில் உட்கார்ந்து சாவி எடுத்துக் கொடுத்தவன்.

"எந்தக் காலேஜுங்க?" என்று கேட்டார் அவர்.

"டவுன் ஹால் ரோடுங்க. ஹாஸ்டல், மெஸ் எல்லாம் ஒரே கட்டடம்" என்றேன். மகன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான்.

பேத்திக்கு மாப்பிள்ளையின் மீசை பிடிக்காததால் அந்தச் சம்பந்தம் தட்டிப்போனது. பொய் மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

"என்னத்துக்குடா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"பின்ன, லாட்ஜுல சாவி குடுத்தாருன்னா சொல்ல முடியும்?"

"சரி. சொன்னது சொல்லிட்ட. நான் அத நெசமாக்கிர்றேன்."

பொழுது போகாமல் தபாலில் பத்தாவது ஏற்கெனவே எழுதி முடித்திருந்தேன். கணக்கில் முப்பத்தாறு. அதனால் திறந்தநிலைப் பள்ளியில் ப்ளஸ் டூ, கெமிஸ்ட்ரியோடு. விண்ணப்பத்தை மகன்தான் நிரப்பினான். தொழில் என்ற இடத்தில் 'ஓய்வுபெற்ற மேலாளர், தனியார் நிறுவனம்' என்று எழுதினான். லாட்ஜ் என்று எழுதடா என்றேன். பேனாவை மூடிவிட்டான்.

இன்று முதல் வகுப்பு. பெஞ்சு உயரம் போதவில்லை. முட்டி இடித்தது.

ஜனவரி 19

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பதினாலு பேர். டீச்சர் பெயர் செண்பகவல்லி, இருபத்தெட்டு வயது இருக்கும். என்னை 'ஐயா' என்கிறார். நான் டீச்சர் என்கிறேன்.

பக்கத்தில் உட்காருவது ஜெசிந்தா. முப்பத்துமூன்று வயது, இரண்டு பிள்ளைகள். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் தரை துடைத்து, கண்ணாடிக் குழாய் கழுவும் வேலை. லேப் டெக்னீஷியன் படிப்பில் சேரப் போகிறாளாம். கெமிஸ்ட்ரியோடு ப்ளஸ் டூ முடித்திருந்தால்தான் சேர்ப்பார்களாம். அந்தப் படிப்புக்கு வயது வரம்பு முப்பத்துநாலு. இந்த ஏப்ரலை விட்டால் அவளுக்கு வேறு ஏப்ரல் கிடையாது.

அதற்கு முன்னால் பெரியார் பஸ் நிலையம் பக்கம் ஒரு லாட்ஜில் அறை பெருக்கினாளாம்.

"எந்த லாட்ஜு?" என்றேன். சொன்னாள்.

"அட, எதிரிக் கம்பெனி! உங்க லாட்ஜு மூட்டைப்பூச்சியெல்லாம் எங்க லாட்ஜுக்குத்தான் குடிவரும்."

"உங்க லாட்ஜுல தண்ணி வராதுன்னு கஸ்டமருங்க எங்ககிட்ட ஓடி வருவாங்க பெரியப்பா."

நல்ல வாய். பிழைத்துக்கொள்வாள்.

டீச்சர் அணுவைப் பற்றிச் சொன்னார். நடுவில் கரு, சுற்றிக் கூடுகள், கூடுகளில் எலக்ட்ரான்கள். முதல் கூட்டில் இரண்டு பேர் இருக்கலாம், இரண்டாவதில் எட்டு, மூன்றாவதில் பதினெட்டு. உள்ளே இருந்து வெளியே ஒவ்வொன்றாக நிரம்பும். பொட்டாசியத்தில் மொத்தம் பத்தொன்பது. இரண்டு, எட்டு, எட்டு, ஒன்று என்று எழுதிப்போட்டார்.

நான் கையைத் தூக்கினேன். "டீச்சர், மூணாவது மாடியில பதினெட்டுப் பேருக்கு எடம் இருக்கு. எட்டுப் பேருதான் வந்திருக்கான். பத்தொன்பதாவது ஆளு ஏன் நாலாவது மாடிக்கு ஏறுறான்? கிறுக்கனா?"

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "அங்கதான் ஆற்றல் கம்மி ஐயா. அப்படியே மனப்பாடம் பண்ணிக்கங்க" என்றார்.

மனப்பாடம் செய்ய நான் என்ன கிளியா?

ஜனவரி 20

ரேஷன் கடை. பாமாயில் இல்லை. பத்தொன்பதாவது ஆள் ஏன் ஏறுகிறான்?

ஜனவரி 23

மருமகள் முருங்கைக்கீரை உருவச் சொன்னாள். ஒரு காம்பில் நின்றுவிட்டேன். "மாமா, கீரைய உருவுங்க, மொறைக்காதீங்க" என்றாள்.

கிடைத்துவிட்டது!

பூரணம் லாட்ஜ் கட்டடமே கோணல். கீழே கடைகள். முதல் மாடியில் ஆபீஸ் போக ஒரே அறை. இரண்டாவதில் பாதி முதலாளி வீடு, மிச்சம் நாலு அறை. மூன்றாவது முழுக்க அறைகள், ஒன்பது. நாலாவதில் அப்போது முன்பக்கம் ஒரே ஒரு அறைதான் கட்டி முடித்திருந்தது. எல்லாமே இரண்டு பேர் அறை. கூட்டிப் பார்த்தேன். இரண்டு, எட்டு, பதினெட்டு! என்னைக் கேட்டுத்தான் கடவுள் அணுவைக் கட்டினாரா, கடவுளைக் கேட்டுத்தான் எங்கள் முதலாளி லாட்ஜைக் கட்டினாரா தெரியாது.

மூன்றாவது மாடியின் ஒன்பதில் நாலு முன்வரிசை, ஐந்து பின்கட்டு. பின்கட்டு ஜன்னலுக்கு நேரே பக்கத்து மெஸ்ஸின் புகைக்கூண்டு. ஒருவரும் போகமாட்டார்கள். முன்வரிசை எட்டுக் கட்டிலும் நிறைந்ததும் அடுத்து வருகிறவர் சொல்வது ஒன்றுதான்: "இன்னொரு மாடி ஏறுனாலும் பரவால்ல, அந்த முன்பக்க ரூமக் குடுங்க." அங்கே காற்று. கோபுரம் தெரியும். அதுவும் நிறைந்த பிறகுதான் வேறு வழியில்லாமல் பின்கட்டு.

பத்தொன்பதாவது ஆள் கிறுக்கன் இல்லை. விவரமானவன்.

ஜனவரி 26

வகுப்பில் சொன்னேன். டீச்சர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். பிறகு பலகையில் கட்டம் கட்டமாக வரைந்தார். எழுத்துகளை மேலே எழுதினார்: எஸ் என்பது ஒரு அறை, பி மூன்று அறை, டி ஐந்து அறை. என் பின்கட்டு அப்படியே அங்கே நின்றது.

"அதுதான் ஐயா ஆற்றல். ஆற்றல் எங்க கம்மியோ அங்க போகும்."

"நாங்க அத வசதின்னு சொல்லுவோம் டீச்சர்."

பின்கட்டில் ஆட்கள் எப்படிப் போவார்கள் என்று கேட்டார். இதென்ன கேள்வி? முன்பின் தெரியாதவர்கள் அறைக்கு ஒருவராகத்தான் போவார்கள். ஐந்து அறையிலும் ஒவ்வொருவர் ஆன பிறகுதான் அடுத்தவனோடு சேருவார்கள். சேர்ந்தாலும் ஒருவன் தலை வடக்கே, ஒருவன் தலை தெற்கே. டீச்சர் அதற்கும் யாரோ வெள்ளைக்காரர்கள் பெயரில் விதி இருக்கிறது என்றார். அவர்கள் எங்கள் லாட்ஜில் தங்கியதாக நினைவில்லை.

ஆனால் க்ரோமியத்தில் நான் மாட்டிக்கொண்டேன். இருபத்திநாலு பேர். என் கணக்குப்படி நாலாவது மாடியில் இரண்டு, பின்கட்டில் நாலு. டீச்சர், நாலாவதில் ஒருவன்தான், பின்கட்டில் ஐந்து என்கிறார். காற்று வரும் அறையை விட்டு எவன் இறங்குவான்?

ஜெசிந்தா சொன்னாள்: "பெரியப்பா, நீங்க சாவி குடுத்ததோட சரி. நான் பெருக்கப் போனவ. ரெண்டு பேரு இருக்கற ரூம்ல ஒருத்தன் கொறட்ட விடுவான். கீழ ஒரு ரூம் சும்மா கெடக்குன்னு தெரிஞ்சா இன்னொருத்தன் பாயச் சுருட்டிட்டு எறங்கிருவான். அப்புறம் ஆறு பேருக்கு ஆறு ரூம். எல்லாருக்கும் நிம்மதி. எத்தன பெட்ஷீட்டு மாத்திருக்கேன் அந்த மாதிரி!"

முப்பத்தாறு வருடம் மேசையில் உட்கார்ந்தவனுக்கு இது தெரியவில்லை.

டீச்சர் கிளம்பும்போது, "பரீட்சையில லாட்ஜ் எழுதிராதீங்க ஐயா" என்றார். தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு வரி கிடையாது.

பிப்ரவரி 23

மோல் கணக்கு வரவில்லை. ஜெசிந்தா மூன்று தடவை சொல்லிக்கொடுத்தாள். நாலாவது தடவை, "பெரியப்பா, ஒங்களுக்குப் பின்கட்டுதான்" என்றாள்.

மார்ச் 9

மகன் கேட்டான், "இந்த வயசுல எதுக்குப்பா? தெருவுல எல்லாம் சிரிக்கிறாங்க."

"தெருவுக்குச் சிரிப்பு வேணும்னா நான் பாஸான பெறகு இன்னும் நல்லாச் சிரிக்கட்டும்."

"பெயிலானா?"

"பெயிலானா பி.எஸ்சி. பெயில்னு சொல்லிக்க. அதுக்கும் ஒரு மதிப்பு இருக்கு."

ஏப்ரல் 22

கெமிஸ்ட்ரி பரீட்சை. எனக்கும் ஜெசிந்தாவுக்கும் அடுத்தடுத்த எண் என்பதால் பக்கத்துப் பக்கத்து மேசை. பிள்ளைக்குக் காய்ச்சலென்று அவள் மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. கண் இரண்டும் கோவைப்பழம்.

பத்தரைக்குக் கரண்ட் போனது. முடியும்வரை வரவில்லை. வியர்வையில் பேனா வழுக்கியது. ஐந்து மார்க் கேள்வி ஒன்று: க்ரோமியத்தில் எலக்ட்ரான்கள் நிரம்பும் விதத்தை விளக்குக. சும்மா விடுவேனா? நாலாவது மாடி முன்பக்க அறை, பின்கட்டு, புகைக்கூண்டு, குறட்டை எல்லாம் எழுதினேன்.

ஜெசிந்தா அந்தக் கேள்வியில் வெள்ளைத் தாளைப் பார்த்தபடி இருந்தாள். பத்து நிமிடம் அப்படியே.

மின்விசிறிக் காற்றில் என் தாள் மேசை ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது. நான் உடனே கவனிக்கவில்லை.

மே 12

அழகர் ஆற்றில் இறங்கினார். ஊர் முழுக்க ஜனம். டவுன் ஹால் ரோடு லாட்ஜுகளில் ஒரு கட்டில் காலியில்லை. பூரணம் வாசலில் சிறிது நேரம் நின்றேன். மேசையில் புதுப் பையன். "ரூம் இல்ல தாத்தா" என்றான். "தெரியும், பின்கட்டுல ஒண்ணு இருக்கும் பாரு" என்றேன். பார்த்துவிட்டு வந்து வாயைப் பிளந்தான்.

மே 20

பதிவுத் தபால். மருமகள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். என் தாளிலும் 'அடுத்த எண்ணுக்குரிய தேர்வரின்' தாளிலும் ஒரு விடை சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்கிறதாம். மே 28 அன்று விசாரணை. முடிவு தெரியும்வரை இரண்டு பேர் ரிசல்ட்டும் வராது.

மகன் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். "காப்பியா?" என்றான். அதை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனான். கத்தியிருந்தால் தேவலை.

மே 21

ஜெசிந்தா தெருமுனையில் காத்துக்கொண்டிருந்தாள்.

"நான் போய் உண்மையச் சொல்லிர்றேன் பெரியப்பா. நாந்தான பாத்து எழுதுனேன்."

"நீ எங்க பாத்த? ஃபேன் காத்துல தாளு நகந்துச்சு."

"கரண்டே இல்லையே பெரியப்பா."

இந்தப் பெண்ணுக்கு ஞாபகசக்தி அதிகம். லேப் வேலைக்கு ஏற்றவள்தான்.

மே 28

விசாரணை. தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. நானும் ஜெசிந்தாவும் ஆளுக்கொரு முனை. அங்கே ஃபைல் கட்டிக்கொண்டிருந்த கிளார்க்கிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"பாத்தவனுக்கு என்னங்க, காட்டுனவனுக்கு என்னங்க?"

"ரெண்டு பேரும் காலிதான் பெரியவரே. காட்டுனது தெரிஞ்சா அவனுக்கும் சேத்து ரெண்டு பரீட்சைக்குத் தடை. தெரியாமத் திருடிப் பாத்திருந்தா, பாத்தவனுக்கு மட்டும்."

வெற்றிலை இருந்தால் கொடுத்திருப்பேன். நல்ல மனிதர்.

எண் வரிசைப்படி முதலில் நான். உள்ளே ஒரு கண்ணாடிக்காரர், ஒரு அம்மா. மேசை மேல் இரண்டு தாள்களும் விண்ணப்பங்களும் இருந்தன.

கண்ணாடிக்காரர் என் விண்ணப்பத்தைப் பார்த்தார். "ரிட்டயர்ட் மேனேஜர், தனியார் நிறுவனம்." அவள் விண்ணப்பத்தைப் பார்த்தார். "முந்தைய வேலை, லாட்ஜில் துப்புரவு." இரண்டையும் அந்த அம்மாவிடம் நகர்த்தினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடேய் கார்மேகம், உன் கௌரவம் வாழ்க.

"க்ரோமியம். இருபத்திநாலு எலக்ட்ரான். எப்படி நெரம்பும், சொல்லுங்க" என்றார்.

"வரிசையாங்கய்யா."

"வரிசையான்னா?"

"மொதல்ல ரெண்டு. அப்புறம் எட்டு. அப்புறம் மிச்சம்."

"மிச்சம் எத்தன?"

"பதினாலுங்க."

"மூணாவது கூட்டுல பதினாலா?"

"எடம் இருக்குல்லங்க. பதினெட்டுப் பேரு இருக்கலாம்ல."

அந்த அம்மா என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் காட்டினார். "இதுல நாலாவது மாடி முன்பக்க அறைன்னு எழுதிருக்கீங்களே. அது என்னங்க?"

தாளில் என் கையெழுத்து. 'முன்பக்க' என்பதில் ப வளைந்து நிற்கிறது, எப்போதும் போல.

"அது எனக்கும் புரியலம்மா. அந்தப் பொண்ணு எழுதிருந்துச்சு. எட்டிப் பாத்து அப்படியே எறக்கிட்டேன். அதுக்குத் தெரியாது."

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா ஐயா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"வயசு ஆகுறத நிறுத்த முடியலங்கய்யா, அதான்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இவ்வளவு சீக்கிரம் நம்புவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதற்கு மேல் ஒரு கேள்வி, ஒரு சந்தேகம்கூட இல்லை. கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம்.

வயதாகிவிட்டது. உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. அவ்வளவுதான்.

ஜெசிந்தா உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் வந்தாள். முகம் குழம்பியிருந்தது. "க்ரோமியம் கேட்டாங்க. சொன்னேன். தாமிரம் கேட்டாங்க. அதையும் சொன்னேன். 'போம்மா, இனிமே பேப்பர மறச்சு வச்சு எழுது'ன்னுட்டாங்க. நான் வாயத் தெறக்கவே விடல. நீங்க என்ன பெரியப்பா சொன்னீங்க?"

"வெயில் ஜாஸ்தின்னு சொன்னேன். வா, ஜிகர்தண்டா வாங்கித் தா."

ஜூன் 14

கடிதம். கெமிஸ்ட்ரி தாள் ரத்து. இரண்டு பரீட்சைக்குத் தடை. அதாவது அக்டோபரும் அடுத்த ஏப்ரலும் கிடையாது.

மகன் சொன்னான், "மானம் போச்சுப்பா."

"யாரு மானம்? பி.எஸ்சி. மானமா, லாட்ஜு மானமா?"

"இனிமே புஸ்தகத்தத் தொடாதீங்க. கையெடுத்துக் கும்புடுறேன்."

கும்பிட்டான். நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டான். நானும் பதிலுக்கு வணக்கம் சொல்லிவிட்டு புத்தகத்தை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். மருமகள் பின்னாலேயே வந்து, துணி காயப்போடுவது போல நின்றாள். "மாமா, அந்த லாட்ஜு கதைய எங்கிட்ட தைமாசமே சொன்னீங்களே, கீர உருவும்போது" என்றாள். நான் பக்கத்தைப் புரட்டினேன். அவள் கீழே போய் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

ஜூன் 15

ஜெசிந்தாவுக்கு ரிசல்ட் வந்துவிட்டது, எனக்குத் தடை என்பதும் தெரிந்துவிட்டது. வாசலில் நின்று கத்தினாள். தெருவே பார்த்தது.

"யாரக் கேட்டுச் சொன்னீங்க? ஒங்க பதில எம்பதில்னு சொல்ல ஒங்களுக்கு என்ன உரிம இருக்கு?"

"பாதி உன்னுதுதான். கொறட்ட உன்னுது."

"வெளையாடாதீங்க பெரியப்பா. நான் போய்ச் சொல்லப் போறேன்."

"சொல்லு. ரெண்டு பேருக்கும் தடை. எனக்குக் கொறைக்க மாட்டாங்க, உனக்குக் கூட்டுவாங்க. ஒனக்கு முப்பத்தஞ்சு ஆயிரும். எனக்கு என்ன, எழுவத்தொண்ணுல எழுதுனா பேனா எழுதாதா?"

படியிலேயே உட்கார்ந்து அழுதாள். மகன் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். டிவி சத்தம் நின்றுபோயிருந்தது.

"எத்தன மார்க்கு?" என்றேன்.

"அறுபத்தெட்டு."

"மோல் கணக்கு?"

"முழுசா."

"பாத்தியா, அத நான் எட்டிப் பாத்திருக்கணும். தப்பான கேள்வியில மாட்டிக்கிட்டேன்."

அழுதுகொண்டே சிரித்தாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஜூலை 21

ஜெசிந்தா படிப்பில் சேர்ந்துவிட்டாள். போனில் சொன்னாள். வெள்ளைக் கோட்டுத் தைக்கக் கொடுத்திருக்கிறாளாம். "கோட்டப் போட்டுக்கிட்டு நேரா எங்க லாட்ஜுப் பக்கம் போ, டாக்டர்னு நெனச்சு முன்பக்க ரூம் குடுப்பாங்க" என்றேன்.

ஜூலை 27

ஞாயிறு. பழக்கத்தில் படிப்பு மையத்துக்குப் போய்விட்டேன். டீச்சர் புது ஆட்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"உங்களுக்குத் தடை ஐயா."

"எழுதத்தான தடை. உக்கார?"

டீச்சருக்கு எல்லாம் தெரியும். என் லாட்ஜை அவர்தானே பலகையில் வரைந்தார். அவரை விசாரணைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிடாததே நல்லது. கடைசி பெஞ்சைக் கைகாட்டினார். அங்கே ஒருவரும் இல்லை. முழு பெஞ்சும் எனக்கே.

பொட்டாசியம் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. முன் பெஞ்சில் ஆட்டோக்காரர் ஒருவர் கையைத் தூக்கி, "டீச்சர், மூணாவதுல எடம் இருக்கறப்ப அவன் எதுக்கு நாலாவதுக்குப் போறான்?" என்று கேட்டார்.

டீச்சர் என்னைப் பார்த்துவிட்டுப் பலகையில் கட்டம் வரைய ஆரம்பித்தார். ஒன்று. நாலு. ஒன்பது. மேலே தனியாக ஒன்று.

ஆகஸ்ட் 3

தடை முடிந்த பிறகு கொடுக்க வேண்டிய விண்ணப்பத்தை இப்போதே வாங்கி நிரப்பி வைத்துவிட்டேன். மகனிடம் கொடுக்கவில்லை, நானே எழுதினேன். தொழில்: பூரணம் லாட்ஜில் அறை கொடுத்தவன்.

எழுதி முடித்துத் திரும்பினால் மகன் பின்னால் நிற்கிறான். படித்துவிட்டான். சண்டைக்குத் தயாராக நிமிர்ந்தேன்.

"முப்பத்தாறு வருசம்னு சேத்து எழுதுங்கப்பா" என்றான்.

எழுதினேன்.

மறந்துவிட்டது என்று மே 28 அன்று எழுதியிருக்கிறேன். இந்தப் பதிவேட்டில் பொய் இருக்கக் கூடாது, போலீஸ் பார்க்கும் புத்தகம். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

க்ரோமியம். இருபத்திநாலு பேர். முதல் மாடி, ஒரே அறை, இரண்டு பேர். இரண்டாவது மாடி, நாலு அறை, எட்டுப் பேர். மூன்றாவது மாடி முன்வரிசை, நாலு அறை, எட்டுப் பேர். மிச்சம் ஆறு. நாலாவது மாடி முன்பக்க அறையில் இரண்டு, பின்கட்டில் அறைக்கு ஒருவராக நாலு என்று நினைப்பீர்கள். பின்கட்டில் ஒரு அறை காலி. முன்பக்க அறையில் ஒருவன் குறட்டை விடுகிறான். மற்றவன் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வருகிறான். இப்போது பின்கட்டு ஐந்து அறையிலும் ஒவ்வொருவர். நாலாவது மாடி முன்பக்க அறையில் ஒரே ஒருவன், காற்று வாங்கிக்கொண்டு. இரண்டு, எட்டு, பதின்மூன்று, ஒன்று.

திருத்தியது நானே. ஐந்துக்கு நாலரை. கையெழுத்துக்கு அரை மார்க் குறைத்திருக்கிறேன்.